சங்கத்து வண்டியின் டீசல் கணக்கு

பட்டு நூலைச் சங்கத்தில் எடை போட்டுச் சாயப்பட்டறைக்கு அனுப்புகிறோம். அங்கே சாயத்துக்கு முன் பசை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ நாலரைக் கிலோ பசுந்தழைக்கு ஒரு கிலோ தூள்தான் கிடைக்கிறது. இவ்வாறு குறைந்த பங்கை எவரோ எடுத்துக்கொண்டதாக நாம் கருதுவதில்லை. எங்கே, எதனால், எவ்வளவு குறையும் என்பது தொழில் செய்வோருக்கு அனுபவத்தால் தெரியும். சங்கத்தின் பதிவேடுகளும் அதை ஒப்புக்கொண்டே எழுதப்படுகின்றன.

ஆனால் மோட்டார் வண்டியின் டீசல் கணக்கு என்று வந்துவிட்டால் மட்டும் இந்த நிதானம் நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது. வண்டி விற்றவர் அச்சிட்டுக் கொடுத்த தாளில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண் இருக்கிறது. பதிவேட்டில் அதைவிடக் குறைந்த எண் வருகிறது. இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் ஓட்டுநரின் மடியில் போய்விட்டது என்று முடிவு செய்துவிடுகிறோம். இத்தகைய தவறொன்றை நாமே செய்தோம். அதை மறைக்காமல் எழுதினால், வண்டி வைத்திருக்கும் மற்றச் சங்கங்களின் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகாரும் நமது குறிப்பும்

உதகைக்குச் சற்று முன்னே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், காய்கறி விளைவிப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. பெயர் இங்கு வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் சேறாகிவிடும் பாதைகளில் சென்று அங்கத்தினர்களின் நிலங்களைப் பார்ப்பதற்கும், விதையும் மருந்தும் கொண்டு போவதற்கும், வாரத்தில் சில நாட்கள் மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்கி வருவதற்கும், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய பழைய ஸ்டேஷன் வாகன் ஒன்றை அச்சங்கம் வாங்கியிருந்தது. டீசலில் ஓடுவது, பதினாறு ஆண்டுகள் உழைத்தது.

விற்றவரின் தாளில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று இருந்தது. நாம் ஆய்வுக்குச் சென்ற மாதத்தில் மீட்டரின்படி வண்டி ஓடிய தூரம் 1,200 கிலோமீட்டர். ஊற்றிய டீசல் 130 லிட்டர். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் சொச்சமே ஆகிறது. 14 கிடைத்திருந்தால் 86 லிட்டர் போதும். மிகுதி 44 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். அதுவும் ஒரே மாதத்தில்.

நிர்வாகக் குழுவில் சிலர் ஓட்டுநர்மீது முன்னரே ஐயம் கொண்டிருந்தனர். நாமும் தாளையும் பதிவேட்டையும் மட்டும் பார்த்துவிட்டு, மிகைச் செலவை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டோம். அவர் பதினோரு ஆண்டுகளாக அச்சங்கத்தில் பணிபுரிபவர். குறிப்பைப் படித்துக் காட்டியபோது அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. "வண்டியில் தாங்களே ஒரு மாதம் வந்து பாருங்கள், ஐயா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அது நியாயமான வேண்டுகோள் ஆகையால் இசைந்தோம். ஒரு மாதம் இயலவில்லை. மூன்று நடைகள் போய் வந்தோம்.

அளந்த முறை

டீசலை அளக்க எளிய வழி, தொட்டியை நிரப்பி அளப்பதே. பங்க்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடி முடித்தபின் அதேபோல மீண்டும் நிரப்பினால், இரண்டாம் முறை ஊற்றிய அளவே செலவான அளவு. தொட்டியில் முன்பு எவ்வளவு இருந்தது என்பது பற்றிக் கவலையில்லை. ஒரு முறை அளந்தால் குழாய் சற்று முன்பின் நின்று பிழை நேரும். மூன்று முறை அளந்து கூட்டினால் பிழை சிறுத்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே பங்க்கில், அதே குழாயில் நிரப்புவது நல்லது.

மலைமேல் ஒரு பங்க்கில் நிரப்பி இறங்கினோம். மேட்டுப்பாளையத்தில் மீண்டும் நிரப்பி ஏறினோம். தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நாமே வைத்திருந்தோம். ஒரு வழித் தூரம் 48 கிலோமீட்டர். மூன்று நடைகளிலும் சேர்த்து இறக்கத்துக்குச் செலவானது 6 லிட்டர்; ஏற்றத்துக்கு 24 லிட்டர். அதாவது இறங்கும்போது லிட்டருக்கு 24 கிலோமீட்டர். ஏறும்போது 6 கிலோமீட்டர்.

இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தோம், 15 வந்தது. தாளில் கண்ட 14ஐவிட அதிகம்! நம் குறிப்பு சரி, திருட்டு உறுதி என்றே அந்தக் கணம் எண்ணிவிட்டோம். எண்ணியதை ஓட்டுநரிடம் சொல்லவும் செய்தோம்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். "எனக்குப் படிப்பு இல்லை, ஐயா. மூன்று நடையிலும் ஊற்றியது முப்பது லிட்டர். ஓடியது இருநூற்று எண்பத்தெட்டுக் கிலோமீட்டர். அதை இதால் வகுத்தால் பதினைந்து வருமா?" என்று கேட்டார்.

வராது. 9.6 வரும். பூட்டுப் போட்ட தொட்டியில், நம் கண்ணெதிரே, பதிவேட்டில் இருந்த எண்ணையொட்டிய எண்ணே வந்திருக்கிறது. பட்டம் பெற்ற நாம் சராசரியில் தவறினோம், அவர் தவறவில்லை.

சராசரியில் உள்ள பள்ளம்

இத்தவறு பல சங்கங்களில் நிகழக்கூடியது. ஆகவே சற்று விளக்குவோம். ஒரு நெசவாளர் 16 மீட்டர் பாவில் முதல் 8 மீட்டரை நாளொன்றுக்கு 2 மீட்டர் வீதமும், அடுத்த 8 மீட்டரை நாளொன்றுக்கு 8 மீட்டர் வீதமும் நெய்தார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5 மீட்டர் என்று சொல்லலாமா? முதற்பாதிக்கு 4 நாள், பிற்பாதிக்கு 1 நாள். ஆக 5 நாளில் 16 மீட்டர். நாளுக்கு 3 மீட்டர் சொச்சமே ஆகிறது. மெதுவாக நெய்த பகுதியே அதிக நாட்களை விழுங்கியது.

வண்டியும் அவ்வாறே. போய்வரச் செலவாகும் பத்து லிட்டரில் எட்டு லிட்டரை ஏற்றமே குடித்துவிடுகிறது. இறக்கத்தில் எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் அது இரண்டு லிட்டருக்குள் அடங்கிய மிச்சமே. எனவே லிட்டர் கணக்கைத் தனித்தனி வீதங்களின் சராசரியாகப் பார்க்கலாகாது. மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே முறை.

ஏற்றம் கேட்கும் விலை

ஏற்றம் இத்தனை டீசலைக் கேட்பதேன்? மேட்டுப்பாளையத்திலிருந்து அச்சங்கத்துக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர வேண்டும். வண்டியும் ஆட்களும் சுமையும் சேர்ந்து 2,000 கிலோ என்று கொள்வோம். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் வேலை மட்டும் ஏறத்தாழ 35 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்ப ஆற்றலும் ஏறத்தாழ 36 மெகாஜூல்தான். அப்படியானால் ஒரு லிட்டர் போதுமே என்று தோன்றும். ஆனால் எஞ்சின் அந்த வெப்பத்தில் பத்தில் மூன்று பங்கு அளவையே வேலையாக மாற்றித் தருகிறது. எஞ்சியது ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே தூக்குவதற்கு மட்டும் மூன்று லிட்டருக்கு மேல் வேண்டும். சாலையின் உராய்வுக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் நின்று நின்று கிளம்புவதற்கும், தாழ்ந்த கியரில் நெடுநேரம் இழுப்பதற்கும் ஆகும் செலவு தனி.

இவ்வாறு ஏற்றிய வேலை இறங்கும்போது திரும்பக் கிடைப்பதில்லை. இறக்கத்தில் டீசல் குறைவாகச் செலவாகிறதே அன்றித் தொட்டியில் ஒரு துளியும் கூடுவதில்லை. ஏறச் செலவிட்டதில் ஒரு பகுதி பிரேக் டிரம்மின் சூடாக மாறிப் போய்விடுகிறது.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினுக்கு அந்தக் காற்று போதாது. மிதியை அழுத்த அழுத்தக் கரும்புகை வரும். அந்தக் கரும்புகை, எரியாமல் வீணாகும் டீசலே ஆகும். மலையேற்றத்தில் புகை கறுத்தால் மிதியைத் தளர்த்திக் கியரைக் குறைக்க வேண்டும்.

தாளில் உள்ள எண் எங்கே பிறந்தது

விற்றவரின் தாளில் இருந்த 14 பொய்யன்று. ஆனால் அது வேறோர் இடத்தில் பிறந்த எண். புனாவில் 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, ஏ.ஆர்.ஏ.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் வாகன ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் இத்தகைய எண்கள் விளம்பரங்களில் வருவதை அங்கத்தினர்கள் பார்த்திருக்கலாம். சோதனைக் கூடத்தில், வண்டியின் சக்கரங்களை உருளைகளின்மேல் வைத்து, வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி அவ்வெண்ணைக் காண்கிறார்கள். அந்த அட்டவணையின் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். உருளைமேல் ஓடும் வண்டிக்குக் குன்னூர் மலைப்பாதை கிடையாது, சேறு கிடையாது, கூரைமேல் சுமை கிடையாது. சோதிக்கப்படுவதும் புது வண்டியே. பதினாறு ஆண்டு உழைத்த வண்டியன்று.

அந்தச் சோதனை வீண் என்று நாம் சொல்லவில்லை. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்து, எது சிக்கனம் என்று ஒப்பிட அது உதவும். நம் ஊர்ச் சாலையில் இத்தனை கிடைக்கும் என்ற வாக்குறுதியாக அதைக் கொள்வதே பிழை. இதை மற்ற நாடுகளும் உணர்ந்துள்ளன. அமெரிக்காவில் சோதனைக்கூட எண்களை அப்படியே வெளியிடாமல், 1985ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலிருந்து நகர ஓட்டத்துக்கு 10 விழுக்காடும், நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 22 விழுக்காடும் குறைத்து வெளியிட்டார்கள். அதுவும் போதாதென்று, 2008ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அதிவேகம், கடுங்குளிர், குளிர்சாதனம் ஆகிய நிலைகளையும் கணக்கில் சேர்த்தார்கள்.

நான்கு சக்கர இயக்கம்

மலைப்பகுதிச் சங்கங்கள் விரும்பி வாங்கும் இவ்வகை வண்டிகளுக்கென்று தனிச் செலவு ஒன்று உண்டு. ஜப்பானில் பனி மூடிய மலைகளில் மின்கம்பிகளைப் பார்வையிடச் செல்வதற்குத் தோஹோக்கு மின்சாரக் கம்பெனி கேட்டுக்கொண்டதன் பேரில் உருவான வண்டியின் வழியிலேயே, 1972ஆம் ஆண்டில் சுபாரு லியோன் ஸ்டேஷன் வாகன் நான்கு சக்கர இயக்கத்துடன் விற்பனைக்கு வந்தது. சாதாரண மக்களும் வாங்கும் ஸ்டேஷன் வாகனுக்கு இவ்வமைப்பு வந்த வரலாறு அதுதான். அதன் நோக்கம் வழுக்கும் இடத்தில் சிக்காமல் போவது; சிக்கனம் அன்று.

இவ்வண்டிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் வகையில் ஓட்டுநர் லிவரைப் போட்டால்தான் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். எந்த வகையானாலும் கூடுதலான பற்சக்கரங்களும் தண்டுகளும் உண்டு. அவற்றின் எடையைச் சுமக்க வேண்டும். அவற்றைச் சுழற்றவும் வேண்டும். இரண்டுக்கும் டீசலே கூலி.

முதல் வகை வண்டிக்கு நான்கு டயர்களும் ஒரே அளவில் தேய்ந்தவையாக இருத்தல் வேண்டும். பழசும் புதுசும் கலந்து போட்டால் இயக்கப் பகுதிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இரண்டாம் வகை வண்டியைத் தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, இயக்கம் அவற்றை ஒன்றாகப் பிணைத்துவிடுவதால் டயர் தேய்ந்து, டீசலும் வீணாகும்.

வண்டியில் கண்ட குறைகள்

நாம் பார்த்த சங்கத்து வண்டி இரண்டாம் வகை. அளந்து முடித்தபின் ஒரு மெக்கானிக்கை வைத்து அதை அடியிலிருந்து பார்த்தோம். கண்டவை இவை:

முதலாவது, மேட்டுப்பாளையம்-கோவைச் சாலையில் கிலோமீட்டர்க் கற்களைக் கொண்டு 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்ததில் மீட்டர் 19 என்றே காட்டியது. முன்னரொரு நிர்வாகக் குழு, பாதை மேடுபள்ளத்துக்காகப் பெரிய டயர் போடத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிகத் தூரம் ஓடும். மீட்டரோ பழைய சக்கரத்தின் கணக்கையே எழுதும். ஆகவே 1,200 என்று எழுதிய மாதத்தில் உண்மையில் ஓடியது 1,260க்குச் சற்று மேல். அதை 130 லிட்டரால் வகுத்தால் 9.7, நாம் அளந்ததற்கு நெருங்கிவிட்டது. குழுவின் தீர்மானம் தின்ற கிலோமீட்டர்களுக்கு ஓட்டுநர் பழி சுமந்திருந்தார்.

இரண்டாவது, முன்சக்கரங்களின் ஹப்புகள் எப்போதும் பூட்டியே இருந்தன. லிவரை எடுத்துவிட்டாலும் முன் ஆக்சிலும் தண்டும் சக்கரத்தோடு வீணே சுழன்றுகொண்டிருந்தன.

மூன்றாவது, பின்சக்கரமொன்றில் பிரேக் முழுவதும் விடுபடவில்லை. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனபோது அந்த ஒன்றில் மட்டும் அனல் அடித்தது.

நான்காவது, எஞ்சினில் தெர்மோஸ்டாட் இல்லை. எப்போதோ மலையேற்றத்தில் எஞ்சின் கொதித்ததென்று ஒரு பட்டறையில் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். மலைக்குளிரில் எஞ்சின் தன் முறையான சூட்டை அடையாமலே ஓடிக்கொண்டிருந்தது. சூடேறாத அடுப்பில் விறகு வீணாவது போன்றதே அது.

ஐந்தாவது, டயர்களில் காற்றுக் குறைவு.

ஆறாவதாக, ஓட்டுநரின் பங்கும் ஒன்று உண்டு. அதையும் எழுத வேண்டும். மூடுபனியில் அங்கத்தினர்கள் வந்து ஏறும்வரை எஞ்சினை நிறுத்தாமலே வைத்திருப்பது அவர் வழக்கம். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினும் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். காத்திருக்க வைத்தவர்கள் அங்கத்தினர்களே என்பதும் உண்மை.

குறைகளைச் சரி செய்தபின் உண்மைத் தூரப்படி லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கிடைத்தது. அதே ஓட்டத்துக்கு மாதம் ஏறத்தாழ 15 லிட்டர் மிச்சம். 92 ரூபாய்க் கணக்கில் 1,380 ரூபாய். 14 கிடைக்கவில்லை, அந்த மலையில், அந்த வயதில், அந்த வண்டிக்கு அது கிடைக்கவும் போவதில்லை.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

1. வண்டியின் அளவை விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டாம். சங்கத்தின் வழக்கமான வழியில், வழக்கமான சுமையோடு, மூன்று முறை தொட்டி நிரப்பி அளந்து, அந்த எண்ணைத் தீர்மானமாகப் பதிவு செய்க. ஆண்டுக்கொரு முறை மீண்டும் அளக்க.

2. மலைவழிக்கும் சமவெளிக்கும் தனித்தனி அளவு வைத்துக்கொள்க. நடைப் பதிவேட்டில் வழி, சுமை, காத்திருந்த நேரம் ஆகியவற்றுக்கும் பத்திகள் இருக்கட்டும்.

3. டயர் மாற்றினால் மீட்டரைக் கிலோமீட்டர்க் கற்களோடு ஒப்பிட்டுத் திருத்தம் குறித்து வைக்க. பெரிய டயர் போட்ட வண்டியில் மீட்டர் காட்டும் வேகத்தைவிட உண்மை வேகம் அதிகம் என்பதை ஓட்டுநர் அறிந்திருத்தல் நலம்.

4. மாதமொரு முறை டயர்க் காற்று, சக்கரச் சூடு, புகையின் நிறம் ஆகிய மூன்றையும் பார்க்க. இதற்குக் கருவியொன்றும் பெரிதாக வேண்டுவதில்லை.

5. சமவெளியில் விரைந்து செல்லும்போது கூரைமேல் உள்ள கேரியரும் சுமையும் காற்றைத் தடுக்கும். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சுமையில்லாத நாளில் கேரியரைக் கழற்றி வைக்க.

6. பதிவேட்டு எண் திடீரெனக் குறைந்தால் முதலில் வண்டியைச் சோதிக்க. பிறகு கணக்கைச் சோதிக்க. அதன் பின்னரே மனிதரைச் சோதிக்க.

ஆறாவது விதியைக் கண்டு, டீசல் திருட்டே நடப்பதில்லை என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். நடக்கும் இடமும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்கும் சரியான அளவே வேண்டும். 14 என்ற பொய்யான அளவை வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லா ஓட்டுநரும் திருடராகவே தோன்றுவர். அந்தக் கூட்டத்தில் உண்மைத் திருடன் ஒளிந்துகொள்வது எளிது. 11 என்ற மெய்யான அளவு கையில் இருந்தால், ஒரு மாதம் 9 வந்தாலும் உடனே கேட்கலாம்; கேட்பதற்கு முகமும் இருக்கும்.

நமது முதற்குறிப்பைத் திரும்பப் பெற்று, காரணங்களை விவரித்து வேறு குறிப்பு எழுதினோம். பிடித்தம் நடைபெறவில்லை. பொதுச்சபைக் கூட்டத்தில் அக்குறிப்பு படிக்கப்பட்டபோது ஓட்டுநர் பின்வரிசையில் நின்றிருந்தார். முன்னர் அவர்மீது ஐயம் சொன்ன அங்கத்தினர் ஒருவர் எழுந்து, அவரை முன்னே வந்து உட்காரச் சொன்னார். அன்று முதல் அச்சங்கத்தில் தொட்டி நிரப்பும் நாளில் மீட்டரைக் குறித்து எழுதுபவரும் அவரே, கையெழுத்திடுபவர் காரியதரிசி.